முதலில் வேலையைப் பாருங்கள், அப்புறம் முகத்தைப் பாருங்கள்

வளாகத் தேர்வுக்கு வரும் மென்பொருள் நிறுவனங்களின் மனிதவளத் துறையினருக்கு,

இந்த ஆண்டு நீங்கள் அனுப்பிய அட்டவணையில் ஒரு மாற்றம் இருந்தது. ஆப்டிடியூட், கோடிங், டெக்னிக்கல், கடைசியில் ஹெச்.ஆர். என்று போய்க்கொண்டிருந்த வரிசையைத் தலைகீழாக்கி, ‘செல்ஃப் இன்ட்ரோ’வை முதல் சுற்றாக வைத்திருக்கிறீர்கள். ஒரு மாணவருக்கு மூன்று நிமிடம். அதில் தேறினால்தான் கோடிங் தேர்வுக்கே உட்கார முடியும். உங்களில் ஒரு நிறுவனம் ஆரம்பித்தது, இந்த சீசனில் மற்றவர்களும் பிடித்துக்கொண்டீர்கள். நேரம் மிச்சமாகிறது என்று காரணம் சொன்னீர்கள். அந்த மூன்று நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதை அறையின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துப் பிள்ளைகள் படிக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் கணினித்துறை ஆசிரியர். துறையின் ப்ளேஸ்மெண்ட் பொறுப்பும் என்னிடம்தான். எங்கள் மாணவர்கள் சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் போடும் வீடுகளிலிருந்தும், சிமெண்ட் ஆலைகளில் ஒப்பந்தக் கூலியாகப் போகிறவர்களின் வீடுகளிலிருந்தும் வருகிறார்கள். முதல் பட்டதாரி கட்டணச் சலுகை வாங்குகிறவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-இல் பொறியியலுக்கும் வந்தது. அப்போது சேர்ந்த முதல் பேட்ச் 2025-இல் படிப்பை முடித்து வெளியே வந்துவிட்டது, அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள்தான் இப்போது உங்கள் முன் உட்காருகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு, நான்கு வருடத்தில் டேட்டா ஸ்ட்ரக்சரும் டேட்டாபேஸும் ஆங்கிலத்தில் எழுதித் தேறி வந்தவர்கள் இவர்கள்.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாத அளவுக்கு மட்டும். தன் ஊர்ப் பால் சொசைட்டிக்கு ஒரு செயலி எழுதியவள். காலையும் மாலையும் கறந்து கொண்டுவரும் பாலின் அளவு, கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) மூன்றையும் பதிந்தால் அன்றைய விலையைக் கணக்கிட்டு, பத்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பட்டுவாடா என்று பட்டியல் போட்டுத் தரும். சிக்னல் இல்லாத நேரத்தில் பதிந்தது போனிலேயே தங்கி, சிக்னல் வந்ததும் சர்வருக்குப் போக வேண்டும், ஆனால் ஒரே பதிவு இரண்டு முறை ஏறிவிடக் கூடாது. இந்தச் சிக்கலை அவளே யோசித்துத் தீர்த்தாள். உங்கள் நிறுவனங்களில் இரண்டு வருட அனுபவம் உள்ளவர்கள்கூடத் தடுமாறும் இடம் அது.

அவள் உள்ளே வந்தபோது பேனலில் இருவர் இருந்தார்கள். ஒருவர் ரெஸ்யூமைப் புரட்டினார், இன்னொருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலில் அறைத்தோழியின் ஷூ. அளவு பெரிதென்று முனையில் செய்தித்தாள் திணித்திருந்தாள், அதனால் நடை சற்று இழுத்தது. ‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்’ என்றார்கள். மனப்பாடம் செய்த வரிகளை ஆரம்பித்தாள், இரண்டாவது வரியில் குரல் நடுங்கியது. போனைப் பார்த்தவர் நிமிரவில்லை. மற்றவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, பேனாவை மூடி வைத்தார். பேனா மூடியதை அவளும் பார்த்தாள். அதற்கப்புறம் வந்த வார்த்தைகள் எல்லாம் உடைந்து உடைந்து வந்தன. ‘அப்பா என்ன செய்கிறார்?’, ‘எந்த ஊர்?’ இவ்வளவுதான் கேள்வி. ‘ஓகே, யூ மே கோ.’ மூன்று நிமிடத்தில் பாதிகூட ஆகியிருக்காது. மாலையில் எங்களுக்கு வந்த தாளில் அவள் பெயருக்கு எதிரே ‘கம்யூனிகேஷன், கான்ஃபிடன்ஸ் இல்லை’ என்று இருந்தது. பால் சொசைட்டி என்ற சொல் அந்த அறையில் ஒருமுறைகூட எழவில்லை.

அடுத்து வந்தவன் நகரத்தில் சி.பி.எஸ்.இ. பள்ளியில் படித்தவன். சிரித்த முகத்தோடு உட்கார்ந்தான். பேனலில் ஒருவர் அவன் பள்ளியின் பெயரைப் பார்த்துவிட்டு, தன் அக்கா மகனும் அங்கேதான் படிக்கிறான் என்றார். கிரிக்கெட் பற்றி ஒரு பேச்சு. போன் மேசைமேல் கவிழ்ந்தது, சாய்ந்திருந்தவர் முன்னால் வந்தார். புராஜெக்ட் பற்றிச் சொல்லும்போது அவன் தடுமாறிய இடத்தில் ‘அதாவது இப்படிச் சொல்ல வர்றியா?’ என்று எடுத்துக் கொடுத்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனது. அவனும் என் மாணவன்தான், நல்ல பையன், அவனுக்குக் கிடைத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதே கவனம், அதே எடுத்துக்கொடுப்பு அவளுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

‘பதற்றப்பட்டது அந்தப் பெண், நாங்கள் என்ன செய்ய முடியும்?’ என்று கேட்பீர்கள். இதற்குப் பதில் 1974-லேயே இருக்கிறது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் வேர்டு, மார்க் சான்னா, ஜோயல் கூப்பர் மூவரும் வேலைக்கான நேர்காணலை வைத்து இரண்டு சோதனைகள் செய்தார்கள். முதலாவதில், வெள்ளையர்கள் நேர்காணல் எடுக்க, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் விண்ணப்பதாரர்களாக வந்தார்கள். விண்ணப்பதாரர்கள் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளப் பயிற்சி பெற்றவர்கள். கறுப்பினத்தவர் வந்தபோது நேர்காணல் எடுத்தவர்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள், பேச்சில் அதிகம் தடுமாறினார்கள், கிட்டத்தட்ட கால்பங்கு நேரம் முன்னதாகவே முடித்துவிட்டார்கள். இரண்டாவது சோதனைதான் முக்கியம். இம்முறை விண்ணப்பதாரர்கள் எல்லாருமே வெள்ளையர். நேர்காணல் எடுப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாதிப்பேரிடம் முன்பு கறுப்பினத்தவரிடம் நடந்துகொண்டது போலவே தள்ளி உட்கார்ந்து, தடுமாறிப் பேசி, சீக்கிரம் முடிக்கச் சொன்னார்கள். அப்படி நடத்தப்பட்டவர்கள் அதிகம் பதறினார்கள், மோசமாகப் பதில் சொன்னார்கள். எதிரே இருந்தவரின் உடம்பு அவர்களைத் தடுமாற வைத்தது. பேனாவை மூடிய கணத்தில் எங்கள் பெண்ணுக்கு நடந்தது இதுதான். நீங்கள் தாளில் எழுதிய ‘கான்ஃபிடன்ஸ் இல்லை’ என்பதில் உங்கள் பேனலின் பங்கும் இருக்கிறது.

முதல் பார்வை இவ்வளவு வலுவாக வேலை செய்வது உங்கள் ஆட்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. மனித மனம் அப்படித்தான் இயங்குகிறது. 1946-இல் உளவியலாளர் சாலமன் ஆஷ் ஒரு சின்ன சோதனை செய்தார். ஒரு மனிதரை வருணிக்கும் ஆறு சொற்கள்: புத்திசாலி, உழைப்பாளி, அவசரக்காரர், குறை காண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். ஒரு குழுவுக்கு இந்த வரிசையில் சொன்னார், இன்னொரு குழுவுக்கு அதே சொற்களைக் கடைசியிலிருந்து முதலுக்குச் சொன்னார். முதல் குழு அவரை, சில குறைகள் இருந்தாலும் திறமையானவர் என்று எடுத்துக்கொண்டது. இரண்டாவது குழுவுக்கு அவருடைய குறைகளே பெரிதாகத் தெரிந்தன. சொற்கள் மாறவில்லை, வரிசைதான் மாறியது. உங்கள் அட்டவணையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பால் சொசைட்டிச் செயலியை முதலில் பார்த்துவிட்டு நடுங்கும் குரலைக் கேட்டிருந்தால், ‘பெண் கொஞ்சம் பதறுகிறாள், ஆனால் கெட்டிக்காரி’ என்று எழுதியிருப்பீர்கள். குரலை முதலில் வைத்ததால், செயலியைப் பார்க்கும் நிலையே வரவில்லை.

ஒரு விஷயத்தில் பிடித்துப் போனவரை எல்லாவற்றிலும் உயர்த்திப் போடுவதும் புதிதில்லை. ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் உள்ளவர்களின் உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் ஆகியவற்றுக்குத் தனித்தனியாகப் போட்ட மதிப்பெண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே ஏறி இறங்குவதை உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-இல் எழுதிக் காட்டினார். நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. உங்கள் படிவத்தில் ‘தோற்றம், தொடர்பாடல், தன்னம்பிக்கை, மனப்பான்மை’ என்று நான்கு கட்டங்கள் இருக்கின்றன. நான் பார்த்த தாள்களில் நான்கிலும் ஏறக்குறைய ஒரே எண்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2006-இல் ஜானின் வில்லிஸும் அலெக்சாண்டர் டோடோரோவும் முன்பின் தெரியாதவர்களின் முகப் படங்களை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, இவர் திறமையானவரா, நம்பத்தக்கவரா என்று கேட்டார்கள். அந்த நேரத்திலேயே மக்கள் முடிவுக்கு வந்துவிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது தீர்ப்பு பெரிதாக மாறவில்லை, தீர்ப்பின் மேல் இருந்த உறுதிதான் கூடியது. ‘இருபது வருஷமா ஆள் எடுக்கிறேன் சார், உள்ளே நடந்து வரும்போதே சொல்லிடுவேன்’ என்று உங்கள் மூத்த அதிகாரி ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். அவர் வேண்டாம் என்று அனுப்பியவர்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று அவருக்கு யாரும் வந்து சொல்லப் போவதில்லை. தன் தவறு கண்ணில் படாத இடத்தில் இருபது வருடம் இருந்தால் உறுதி மட்டும்தான் வளரும்.

இந்த உறுதி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஜேசன் டேனா, ராபின் டாஸ், நேதானியல் பீட்டர்சன் 2013-இல் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். மாணவர்கள் சக மாணவர்களைப் பேட்டி எடுத்து, அடுத்து அவர்கள் வாங்கப்போகும் மதிப்பெண்ணைக் கணிக்க வேண்டும். சில பேட்டிகளில் பதில் சொன்னவர்கள், கேள்வியில் இருந்த எழுத்துகளை வைத்து ஒரு விதிப்படி, உண்மைக்குச் சம்பந்தமே இல்லாமல் பதில் சொன்னார்கள். பேட்டி எடுத்தவர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை, அவரைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொண்டோம் என்றே நினைத்தார்கள். பேட்டியே எடுக்காமல் பழைய மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கணித்திருந்தால் இன்னும் சரியாக வந்திருக்கும். அதிலாவது பேசிப் பழக நேரம் இருந்தது. நீங்கள் கொடுப்பது மூன்று நிமிடம்.

பயிற்சி வகுப்பு என்று உங்கள் சார்பில் வந்து போகிறவர்கள் எங்கள் மாணவர்களிடம் சொல்லிவிட்டுப் போவதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தொடர்பாடலில் வார்த்தைக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்று ஒரு ஸ்லைடு எல்லா ஆண்டும் வருகிறது. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் செய்த இரண்டு சோதனைகளிலிருந்து எடுத்த எண்கள் அவை. தனித்தனிச் சொற்களை வெவ்வேறு குரலில் சொல்லியும், ஒன்றில் முகப் படங்களைக் காட்டியும், பேசுகிறவருக்கு நம்மேல் விருப்பமா வெறுப்பா என்று கணிக்கச் சொன்ன சோதனைகள். உணர்வையும் விருப்பு வெறுப்பையும் பற்றிய பேச்சுக்கு வெளியே இந்தக் கணக்கு பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். நேர்காணலுக்கு முன் இடுப்பில் கைவைத்து விறைப்பாக நின்றால் தைரியம் வரும் என்று சொல்லிக் கொடுத்தார் ஒரு பயிற்சியாளர். அந்தக் கருத்தைக் கிளப்பிய 2010-ஆம் ஆண்டு ஆய்வின் முதல் ஆசிரியர் டேனா கார்னி, அந்த விளைவு உண்மை என்று தான் இனி நம்பவில்லை என 2016-இல் பகிரங்கமாக எழுதிவிட்டார். இதெல்லாம் நான்கு வருடம் உழைத்துப் படித்த பிள்ளைகளிடம் ‘நீ என்ன சொல்கிறாய் என்பது 7 சதவீதம்தான்’ என்று சொல்லிக் கொடுப்பதாகும். என் மாணவர்கள் இதை நம்புகிறார்கள். புராஜெக்டைத் திரும்பப் படிக்க வேண்டிய இரவில் ஹாஸ்டல் கண்ணாடி முன் கைகுலுக்கிப் பழகுகிறார்கள். அதைப் பார்க்க எனக்குக் கோபம் வருகிறது.

கண்ணோடு கண் பார்க்கவில்லை என்பதற்கும் மதிப்பெண் குறைக்கிறீர்கள். பெரியவர்கள் பேசும்போது நிமிர்ந்து முகத்தைப் பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்கள் இவர்கள். சக மாணவியோடு கோடிங் பற்றி வாதம் பண்ணும்போது அதே பெண்ணின் கண்ணைப் பாருங்கள்.

‘எங்கள் வாடிக்கையாளர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், ஆங்கிலம் பேசத்தான் வேண்டும்’ என்பது நியாயமான வாதம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் நாளே வாடிக்கையாளரோடு பேச நீங்கள் யாரையும் உட்கார வைப்பதில்லை. சேர்ந்த பின் மாதக்கணக்கில் பயிற்சி தருகிறீர்கள். கோடிங் போட்டி வழியாக ஆள் எடுத்த நிறுவனங்களுக்கு எங்களிடமிருந்து போனவர்கள் சேரும்போது திக்கித் திக்கித்தான் பேசினார்கள். அவர்களில் பலர் இன்று அமெரிக்க, ஐரோப்பிய டீம்களோடு தினமும் போனில் பேசி வேலை செய்கிறார்கள். விடுமுறைக்கு வரும்போது ஜூனியர்களுக்கு வகுப்பும் எடுக்கிறார்கள். தொடர்பாடல் திறன் வேண்டுமென்றால் அதைச் சோதியுங்கள். எழுதிய புரோகிராமை இன்னொருவருக்குப் புரிய வைக்கச் சொல்லுங்கள், வாடிக்கையாளருக்கு ஒரு மெயில் எழுதச் சொல்லுங்கள். மனப்பாடம் செய்த சுயஅறிமுகத்தில் உச்சரிப்பைத் தவிர வேறெதுவும் தெரியாது.

அப்பா என்ன செய்கிறார் என்ற கேள்விக்கு வருகிறேன். பழகுவதற்காகக் கேட்கிறோம் என்கிறீர்கள். சமூகவியலாளர்கள் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லியில் பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைப் பேட்டி கண்டு 2007-இல் எழுதினார்கள். திறமை மட்டும்தான் பார்ப்போம் என்று சொன்ன மேலாளர்களே குடும்பப் பின்னணியைக் கேட்பதையும் வழக்கமாக வைத்திருந்தார்கள். அந்தப் பதிலை வைத்து ஆளை அளந்தார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது எங்கள் மாணவர்களின் முகம் சுருங்குவதை நான் பார்க்கிறேன். நூறு நாள் வேலைக்குப் போகிறார் என்று சொல்வதா, விவசாயம் என்று சொல்லிச் சமாளிப்பதா என்று அந்த ஒரு நொடியில் அவர்கள் யோசிக்க வேண்டியிருக்கிறது. தன் ஊர்ப் பெயரைச் சொன்னால் தெருவும் சாதியும் விளங்கிவிடும் என்ற பயம் சிலருக்கு உண்டு. வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு கேள்வி, ஒரு பிள்ளையை மட்டும் குனிய வைத்து இன்னொரு பிள்ளையை நிமிர வைக்கிறது என்றால் அதை எதற்குக் கேட்க வேண்டும்?

நேர்காணலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்றிய அரசு 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலையே எடுத்துவிட்டு எழுத்துத் தேர்வை மட்டும் வைத்துக்கொண்டது. உங்களிடம் அந்த அளவுக்குக் கேட்கவில்லை. உளவியலாளர் பால் சாக்கெட்டும் மற்றவர்களும் பல பத்தாண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022-இல் வெளியிட்ட கணக்கில், எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பீட்டு அளவுகோல் என்று நடத்தும் நேர்காணல்தான் வேலைத்திறனைக் கணிப்பதில் முதலிடத்தில் வந்தது. 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம் என்ற அளவில் அதற்கு 0.42. வாய்க்கு வந்ததைக் கேட்டு நடத்தும் நேர்காணலுக்கு 0.19. பாதிகூட இல்லை. ஒழுங்காக நடத்தினால் உங்களுக்கே லாபம்.

ஆகவே, அடுத்த முறை ஆள் எடுக்க வருவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள் என்று கேட்கிறேன்.

சுயஅறிமுகத்தை வடிகட்டும் சுற்றாக வைப்பதை நிறுத்துங்கள். கோடிங் தேர்வு முதலில் வரட்டும், எல்லாரும் எழுதட்டும். நேர்காணலுக்கு வரும்போது அந்த மதிப்பெண்ணும் புராஜெக்ட் விவரமும் பேனலின் கையில் இருக்கட்டும், முதல் கேள்வி அதைப் பற்றியதாக இருக்கட்டும். நேரம் மிச்சப்படுத்த வேண்டுமென்றால் கோடிங் மதிப்பெண்ணை வைத்துச் சுருக்குங்கள். தோற்றவருக்கும் ஏன் தோற்றோம் என்று தெரியும்.

எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேளுங்கள், எல்லாருக்கும் ஒரே நேரம் கொடுங்கள். எடுத்துக்கொடுப்பதானால் எல்லாருக்கும் எடுத்துக்கொடுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண் போட்டு, பேனலில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசுவதற்கு முன் தனித்தனியாக எழுதிவிடட்டும். போன் அறைக்கு வெளியே இருக்கட்டும்.

அப்பாவின் தொழில், குடும்பம், சொந்த ஊர் பற்றிய கேள்விகளை உங்கள் ஆட்களுக்கு எழுத்து மூலம் தடை செய்யுங்கள்.

டெக்னிக்கல் கேள்விக்குத் தமிழ் கலந்து பதில் சொல்ல அனுமதியுங்கள். உங்கள் சென்னை அலுவலகத்தில் டீ இடைவேளையில் புரோகிராம் பற்றித் தமிழில்தானே பேசிக்கொள்கிறார்கள்? ஆங்கிலத்தைத் தனியாகச் சோதியுங்கள், அந்த வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு.

நிராகரித்தால் ‘கம்யூனிகேஷன்’ என்ற ஒற்றைச் சொல்லோடு விடாதீர்கள். எந்தக் கேள்வியில், எதனால் மதிப்பெண் குறைந்தது என்று இரண்டு வரி எழுதி மாணவருக்கே அனுப்புங்கள். அப்புறம், அந்த 7-38-55 ஸ்லைடைப் பயிற்சி வகுப்புகளிலிருந்து எடுத்துவிடுங்கள்.

முதல் சுற்றிலேயே இந்த ஆண்டு வெளியே அனுப்பப்பட்ட மாணவர்களுக்கு ஒரு கோடிங் தேர்வு வையுங்கள். எங்கள் ஆய்வகத்தை எந்தச் சனிக்கிழமையும் திறந்து தருகிறோம், கண்காணிக்க உங்கள் ஆட்களே வரட்டும். பால் சொசைட்டிச் செயலி எழுதிய பெண்ணும் அதில் உட்காருவாள். அடுத்த பேட்ச்சுக்கான அழைப்பை உங்களுக்கு அனுப்புவதா என்று எங்கள் துறை இந்தப் பருவத் தேர்வு முடிவதற்குள் கூடிப் பேசப் போகிறது. அதற்குள் உங்கள் பதில் எழுத்தில் வர வேண்டும்.

இப்படிக்கு,
கணினித்துறை ஆசிரியர், ப்ளேஸ்மெண்ட் பொறுப்பாளர்,
பெரம்பலூர் வட்டாரப் பொறியியல் கல்லூரி ஒன்றிலிருந்து